வாசம் தோலில், புளிப்பு சாற்றில்: எலுமிச்சை குக்கீஸ் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வெளியான, முட்டை சேர்க்காத எலுமிச்சை குக்கீஸ் செய்முறையைச் செய்து பார்த்த வாசகர்கள் பலர் தங்கள் ஐயங்களை எழுதியனுப்பியிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த இதழைத் தவறவிட்டவர்களுக்காக அளவுகள் மீண்டும் இதோ: உப்பில்லாத வெண்ணெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், மைதா 200 கிராம், கார்ன்ஃப்ளோர் 20 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி (15 மி.லி.), பெரிய பழம் இரண்டு அல்லது சிறிய பழம் நான்கைந்தின் மேல்தோல் துருவல், பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. சர்க்கரையில் தோல் துருவலைத் தேய்த்து, அதை வெண்ணெயுடன் குழைத்து, சாறு விட்டு, சலித்த மாவுகளைச் சேர்த்துப் பிசறி, உருளையாக உருட்டிக் குளிரவைத்து, வில்லைகளாக நறுக்கி, 170 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் வரை பேக் செய்ய வேண்டும். ஏறத்தாழ 28 குக்கீஸ் கிடைக்கும்.

கேள்வி: எலுமிச்சை மணம் தூக்கலாக இருக்கட்டும் என்று மூன்று பழங்களின் சாற்றைப் பிழிந்து விட்டேன். மாவு கையில் ஒட்டியதால் இன்னும் கொஞ்சம் மைதா சேர்த்தேன். வெந்த பிறகு மணமும் இல்லை, கடிக்கவும் முடியவில்லை. தோல் துருவல் கசக்கும் என்று வீட்டில் சொன்னதால் அதைச் சேர்க்கவில்லை. எங்கே தவறு?
– வாசகி, மதுரை

பதில்: தோலை விட்டதில்தான் தவறு, மற்றவையெல்லாம் அதைத் தொடர்ந்து வந்தவை. எலுமிச்சையின் புளிப்பும் வாசமும் ஒரே பழத்தில் இருந்தாலும் ஒரே இடத்தில் இல்லை. சாற்றில் பெரும்பகுதி தண்ணீர். நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சிட்ரிக் அமிலம். வாசம் என்று சொல்லத்தக்கது மிகச் சொற்பம். எலுமிச்சை என்றதும் நம் மூக்கு அடையாளம் கண்டுகொள்ளும் அந்த மணம், தோலின் மேற்பரப்பில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரியும் எண்ணெய்ப் பைகளில் அடைபட்டிருக்கிறது. அந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன் என்ற பொருள்; அளவில் குறைவாக இருந்தாலும் எலுமிச்சைக்கே உரிய மணத்தைக் கொடுப்பது சிட்ரால். ஒரு துண்டுத் தோலை எடுத்து, மேற்புறம் வெளியே இருக்கும்படி மடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் பிடித்து அழுத்திப் பாருங்கள். நுண்துளிகள் தெறித்துத் தட்டில் மெல்லிய பூச்சாகப் படியும். விரலால் தடவினால் வழவழக்கும். தண்ணீர் விட்டால் கரையாது, ஆனால் வெண்ணெயில் உடனே கரைந்துவிடும். வெண்ணெய் நிறைந்த குக்கீஸில் தோல் துருவல் இவ்வளவு நன்றாக மணப்பதற்கும், சாறு அந்த வேலையைச் செய்ய முடியாமல் போவதற்கும் இதுவே காரணம்.

மூன்று பழச் சாறு என்றால் மூன்று நான்கு மேசைக்கரண்டி அளவு தண்ணீரை மாவில் விட்டிருக்கிறீர்கள் என்று பொருள். மைதாவில் உள்ள புரதம் தண்ணீரைக் குடித்து, கையால் பிசையப் பிசைய, பரோட்டாவுக்கு வேண்டிய அந்த இழுவையை உண்டாக்கும். பரோட்டாவுக்கு நன்மையான இந்தக் குணம் குக்கீஸுக்குக் கேடு. ஒட்டுகிறதே என்று மேலும் மைதாவைப் போட்டதில், வெண்ணெயும் சர்க்கரையும் விகிதத்தில் குறைந்து, பொரபொரப்புக்கு இருந்த கடைசி வாய்ப்பும் போயிற்று.

கசப்பைப் பற்றி உங்கள் வீட்டில் சொன்னது பாதி உண்மை. கசப்பது மேல்தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி. மேலே இருக்கும் மஞ்சள் அல்லது பச்சைப் படலம் அவ்வளவு கசக்காது. நம் கடைகளில் கிடைக்கும் உருண்டையான சிறிய எலுமிச்சைக்குத் தோல் மிகவும் மெல்லியது என்பதால் அழுத்தித் துருவினால் உடனே வெள்ளைப் பகுதி வந்துவிடும். துருவியின் மிகச் சிறிய கண்களில், ஒரே இடத்தில் ஒரு முறைக்கு மேல் இழுக்காமல், வெள்ளை எட்டிப் பார்த்ததும் பழத்தைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். பழத்தைப் பிழிவதற்கு முன்பே துருவிவிட வேண்டும். பிழிந்த தோலைத் துருவுவது பெரும்பாடு. வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்த பழமாக இருக்கட்டும். பளபளப்புக்காக மெழுகு பூசிய பழம் என்றால் இது இன்னும் அவசியம். பிறகு அந்தத் துருவலைச் சர்க்கரையோடு சேர்த்து விரல் நுனிகளால் ஒன்றிரண்டு நிமிடம் கசக்குங்கள். சர்க்கரையின் உராய்வில் எண்ணெய்ப் பைகள் உடைந்து, சர்க்கரை லேசாக ஈரமாகி மஞ்சள் ஏறும். சமையலறை முழுவதும் மணக்கத் தொடங்கினால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இந்தச் செய்முறையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

கேள்வி: வீட்டில் பேக்கிங் பவுடர் இல்லாததால் சமையல் சோடாவை அரைத் தேக்கரண்டி போட்டேன். எலுமிச்சைப் புளிப்பு இருக்கிறதே, அது சோடாவோடு சேர்ந்து நன்றாகப் பொங்கும் என்று நினைத்தேன். குக்கீஸ் பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்பாகிவிட்டது. வாயில் வைத்தால் சோப்பு போல ஒரு சுவை. புளிப்பு சுத்தமாக இல்லை.
– வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் நினைத்தபடி பொங்கத்தான் செய்தது; பொங்கிய வேகத்தில் புளிப்பையும் தின்றுவிட்டது. ஒரு மேசைக்கரண்டி சாற்றில் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான சிட்ரிக் அமிலம் இருக்கும். அதை முழுவதுமாகச் சரிக்கட்டுவதற்குக் கால் தேக்கரண்டி சோடாவே, அதாவது ஒன்றேகால் கிராம் அளவே, போதுமானது. நீங்கள் போட்டது அதற்கு இரண்டு பங்கு. முதல் பங்கு புளிப்பைக் கரைத்தது. மிஞ்சிய பங்கு சூட்டில் சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவைக்காரத்தின் இனத்தைச் சேர்ந்த பொருளாக மாறி, சோப்புச் சுவையைக் கொடுத்தது. காரம் கூடிய மாவு சீக்கிரம் பழுக்கும் என்பதால் நிறமும் ஏறிவிட்டது.

பேக்கிங் பவுடரில் சோடாவோடு அதற்கு வேண்டிய அமிலமும் உலர்ந்த நிலையில் கலந்தே இருப்பதால், அது நம் எலுமிச்சையிடம் பெரிதாகக் கடன் கேட்காது. அதுவும் கையில் இல்லையென்றால் எதையும் போடாமலே செய்யுங்கள். வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைக்கும்போது சேரும் காற்றே இந்த வகைக் குக்கீஸுக்குப் பெரும்பாலும் போதும். சற்று அடர்த்தியாக இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: மஞ்சள் நிறத்துக்காக ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் சேர்த்தேன். வெந்து வந்தபோது அங்கங்கே செம்புள்ளிகள். மஞ்சள் தூளில் கலப்படமா?
– வாசகர், சேலம்

பதில்: செம்புள்ளியை வைத்து மட்டும் அப்படிச் சந்தேகப்பட வேண்டாம். நீங்களும் ஆப்ப சோடா சேர்த்ததாகக் கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவப்பாவது இதே கூத்துதான். சோடா சரியாகக் கலக்காமல் கட்டியாக நின்ற இடங்களில் புள்ளி விழுந்திருக்கிறது. சோடாவை விட்டுவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். ஆனால் ஒன்று: எலுமிச்சை குக்கீஸ் கடைகளில் இருப்பதைப் போலப் பளிச்சென்று மஞ்சளாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. தோல் துருவல் தரும் மெல்லிய இளமஞ்சளே போதும். மஞ்சள் தூளின் வாடை எலுமிச்சையோடு இனிப்பில் ஒத்துப்போவதில்லை.

கேள்வி: எவ்வளவு கவனமாக நறுக்கி வைத்தாலும் அவனுக்குள் போனதும் உருகிப் பரவி, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு, அப்பளமாகிவிடுகிறது. வீட்டில் கடைந்த வெண்ணெயைத்தான் பயன்படுத்துகிறேன். வெண்ணெய்க்குப் பதிலாக நெய் சேர்த்தால் சரியாகுமா?
– வாசகி, சென்னை

பதில்: இதற்குப் பாதிக் காரணம் சென்னை வெயில். பேக்கிங் புத்தகங்களில் வெண்ணெய் ‘அறை வெப்பநிலையில்’ இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் மனத்தில் இருக்கும் அறை 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருப்பது. வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டும்போதே உருகி வழியத் தொடங்கிவிடும். சித்திரை மாதத்தில் நம் சமையலறையின் சூடே அதற்கு மேல். எனவே வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்து, விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுக்கக் கூடாது என்ற பதத்தில் உடனே குழைக்கத் தொடங்க வேண்டும். கோடையில் இதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆனாலே அதிகம். உருகிய வெண்ணெயில் காற்று தங்காது. அது மாவைத் தாங்கிப் பிடிக்கவும் செய்யாது.

மாவை உருளையாக உருட்டி, தாளில் சுற்றி, ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வையுங்கள். கத்தியால் நறுக்கும்போது நசுங்காமல் வட்டமாகத் துண்டு விழ வேண்டும். நறுக்கித் தட்டில் அடுக்கியதும், அவன் சூடாகும் வரை தட்டையும் அப்படியே ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். முதல் ஈடு வெந்து வந்த சூடான தட்டிலேயே இரண்டாம் ஈட்டை அடுக்குவது பலர் செய்யும் காரியம். அவனுக்குள் போகும் முன்பே அடிப்பக்கம் உருகிவிடுவதால் இரண்டாம் ஈடு எப்போதும் தட்டையாக வருகிறது. அவனும் முழுச் சூடு ஏறியிருக்க வேண்டும். சூடு போதாத அவனில் ஓரம் இறுகுவதற்கு முன் வெண்ணெய் முந்திக்கொண்டு உருகும். சர்க்கரையைப் பொடிக்காமல் அப்படியே சேர்த்தாலும் அது சூட்டில் பாகாகிக் குக்கீஸை இன்னும் பரப்பும்.

இனி, கடைந்த வெண்ணெய். அதில் மோர் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது கடைந்த கைக்கும் கழுவிய முறைக்கும் ஏற்ப மாறும். கடையில் டேபிள் பட்டர் என்று விற்கும் வெண்ணெயில் நூற்றுக்கு 80 பங்கு கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டு வெண்ணெய்க்கு அப்படி ஓர் உத்தரவாதம் இல்லை. குளிர்ந்த நீரில் மூன்று நான்கு முறை கழுவி, மரக்கரண்டியால் அழுத்தி நீரை வெளியேற்றி, துணியில் ஒற்றி எடுத்த பிறகு எடை போடுங்கள். புளித்த வாடை இருந்தால் குக்கீஸுக்கு வேண்டாம். அது நெய்க்கே ஆகட்டும். கடை வெண்ணெயில் உப்புப் போட்டது மட்டும்தான் கிடைக்கிறது என்றால், அதையே வாங்கி, செய்முறையில் உள்ள சிட்டிகை உப்பை விட்டுவிடலாம்.

நெய்யில் நீர் அறவே இல்லை என்பதால் 125 கிராம் வெண்ணெய்க்கு 100 கிராம் நெய் போதும். அது மணல் மணலாக உறைந்த நிலையில் இருக்க வேண்டும். கிடைப்பது நெய் பிஸ்கட்டின் பொரபொரப்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நெய் மணத்துக்கு முன்னால் எலுமிச்சை மணம் பின்வாங்கிவிடும். நெய் சேர்ப்பதானால் எலுமிச்சையை விட்டு ஏலக்காய்க்குப் போய்விடுவது நல்லது.

கேள்வி: 15 நிமிடம் ஆகியும் என் குக்கீஸ் வெளுப்பாகவே இருக்கிறது. பொன்னிறம் வரட்டும் என்று 25 நிமிடம் வைத்தால் கல்லாகிவிடுகிறது.
– வாசகர், கும்பகோணம்

பதில்: எலுமிச்சை குக்கீஸ் வெளுப்பாகத்தான் இருக்கும். உணவு வெந்து பழுப்பேறுவதற்குக் காரணமான வினை, அமிலம் உள்ள மாவில் மெதுவாகவே நடக்கும். எனவே மேற்பரப்பின் நிறத்தைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். ஓரத்தில் மெல்லிய பொன்வளையம் தெரிந்து, ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் இளம்பழுப்பாக இருந்தால் எடுத்துவிட வேண்டும். அப்போது நடுப்பகுதி தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டு, பிறகு கம்பி வலையில் ஆறவிட்டால் வெண்ணெய் உறைந்து தானே விறைத்துக்கொள்ளும். மெத்தென்று இருக்கிறதே என்று மீண்டும் உள்ளே வைப்பதால்தான் கல்லாகிறது. விசிறி ஓடும் கன்வெக்‌ஷன் அவன் என்றால் 20 டிகிரியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவன் இல்லை. குக்கரில் செய்யலாமா? மைக்ரோவேவில்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: குக்கரிலும் செய்யலாம், ஆனால் நான் முதலில் சொல்வது கனத்த அடியுள்ள பழைய பாத்திரத்தைத்தான். தண்ணீர் இல்லாத குக்கரை நெடுநேரம் சூடாக்குவது அதன் அடிப்பாகத்துக்கு நல்லதல்ல. குக்கர்தான் என்றால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். உள்ளே தண்ணீர் விடக் கூடாது. அடியில் ஒரு விரற்கடை உப்பைப் பரப்பி, அதன் மேல் ஸ்டாண்டை வைத்து, மூடி பத்து நிமிடம் நடுத்தரத் தீயில் சூடாக்குங்கள். பிறகு தீயைக் குறைத்து, சுற்றிலும் இடைவெளி இருக்கும்படி தட்டை இறக்கி, 18 நிமிடம் கழித்துப் பாருங்கள். சூடு கீழிருந்து மட்டுமே வருவதால் அடி சிவந்து மேல் வெளுத்திருக்கும், சுவைக்குக் குறைவில்லை. வில்லைகளைச் சற்று மெல்லியதாக நறுக்கினால் அடி கருகுவதற்கு முன் மேலே வெந்துவிடும். ஒரு தட்டுக்கு ஆறேழு மட்டுமே வைக்க முடியும் என்பதால் மீதி மாவு ஃபிரிட்ஜிலேயே காத்திருக்கட்டும்.

கன்வெக்‌ஷன் வசதி இல்லாத மைக்ரோவேவில் வேண்டாம். வேகும், குக்கீஸ் ஆகாது.

கேள்வி: தட்டில் போட்ட பட்டர் பேப்பர் குக்கீஸின் அடியில் ஒட்டிக்கொண்டு கிழிந்து வருகிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: பட்டர் பேப்பர் என்ற பெயரில் இரண்டு வகைத் தாள்கள் விற்கிறார்கள். சிலிகான் பூச்சு உள்ள பேக்கிங் தாள்தான் அவனுக்கு உரியது. உறையில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கும். டிகிரி எதுவும் போடாமல், பொட்டலம் கட்டுவதற்காக விற்கும் தாள் சூட்டில் ஒட்டும், சில நேரம் புகையும். சரியான தாள் இல்லையென்றால் தட்டில் நேரடியாக வெண்ணெய் தடவி, மைதாவைத் தூவித் தட்டிவிட்டு அடுக்குங்கள்.

கேள்வி: கணவருக்குச் சர்க்கரை நோய். மைதாவுக்குப் பதில் கோதுமை மாவும், சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துச் செய்து கொடுக்கலாமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: மாற்றிச் செய்யலாம், அதனால் அது சர்க்கரை நோய்க்கு ஏற்ற பண்டமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். மேலே சொன்ன அளவில் ஒரு குக்கீயில் சர்க்கரை மட்டும் மூன்றரை கிராம். மாவுச்சத்தையும் கூட்டினால் பத்துக் கிராம் அளவுக்கு வரும். நாட்டுச் சர்க்கரையும் உடலுக்குள் போனால் சர்க்கரைதான். கோதுமை மாவால் நார்ச்சத்துச் சற்றுக் கூடும். நாளைக்கு எத்தனை, எந்த வேளையில் என்பதை அவருடைய மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

செய்முறையைப் பொறுத்தவரை, மைதாவில் பாதியைக் கோதுமை மாவாக மாற்றுவது வரை தடையில்லை. தவிடு நீரை அதிகம் குடிப்பதால் ஒன்றிரண்டு தேக்கரண்டி பால் கூடுதலாக வேண்டியிருக்கும். எலுமிச்சை பட்டுப் பால் லேசாகத் திரிந்தது போலத் தெரிந்தால் பதற வேண்டாம், மாவில் கலந்த பிறகு அது தெரியாது. நாட்டுச் சர்க்கரையில்தான் எனக்குத் தயக்கம். அதன் பாகு மணமும் எலுமிச்சையும் ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கும். அது சுக்கோடு சேர்ந்தால்தான் சோபிக்கும்.

கேள்வி: தோல் துருவல் சேர்த்ததில் வாசம் அபாரம். ஆனால் பிள்ளைகள் நாக்கைச் சுண்டும் புளிப்பை எதிர்பார்க்கிறார்கள்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: புளிப்பை மாவுக்குள் தேடாமல் மேலே பூசிவிடுங்கள். சலித்த பொடிச் சர்க்கரை 120 கிராமில் ஒன்றரை மேசைக்கரண்டி சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் குழைத்தால், கரண்டியிலிருந்து கனத்த நூலாக விழும் பதம் வரும். குக்கீஸ் நன்றாக ஆறிய பிறகே தடவ வேண்டும். சூட்டோடு தடவினால் உருகி உள்ளே இறங்கிப் பிசுபிசுக்கும். ஓரிரு மணி நேரத்தில் மேலே காய்ந்து ஏடு கட்டிவிடும். இதில் சாறு வேகாமல் பச்சையாகவே இருப்பதால் புளிப்பு நேரே நாக்கில் படும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தைக் கால் தேக்கரண்டி அளவு பொடித்து மாவிலேயே கலக்குவதும் உண்டு. தண்ணீர் சேராமல் புளிப்பு மட்டும் கூடும் என்பதால் அதுவும் நல்ல வழிதான். பொடிக்காமல் போட்டால் கடிக்கும் இடத்தில் சுளீரென்றிருக்கும்.

கேள்வி: எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? மழைக்காலத்தில் இரண்டே நாளில் நமுத்துவிடுகிறது.
– வாசகர், உதகமண்டலம்

பதில்: காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் வரை இருக்கும், மணம் முதல் வாரத்தில்தான் முழுமையாக இருக்கும். முழுவதும் ஆறாமல் டப்பாவில் போட்டால் அதன் ஆவியே அதை நமுக்கச் செய்யும். நமுத்ததை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மீண்டும் மொறுமொறுக்கும், மேலே சர்க்கரை பூசாததாக இருந்தால். உங்கள் ஊர் ஈரத்துக்கு, சுட்டு வைப்பதைவிட மாவு உருளையை ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு வேண்டியபோது வேண்டிய அளவு நறுக்கிச் சுடுவதே மேல்.

கேள்வி: எங்கள் ஊரில் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. விலை இறங்கும் நாள்களில் தோலை மட்டும் சேமித்து வைக்க முடியுமா? வெயிலில் காயவைத்துப் பொடித்துப் பார்த்தேன், மணம் இல்லை. நார்த்தங்காய்த் தோலையும் இப்படிப் பயன்படுத்தலாமா?
– வாசகி, புளியங்குடி

பதில்: தென்காசி மாவட்டத்துக்கே எலுமிச்சைச் சந்தை நடத்தும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம்தான். தோலின் எண்ணெய் எளிதில் ஆவியாகக்கூடியது. வெயிலில் உலர்த்தும்போது தண்ணீரோடு மணமும் பறந்துவிடுகிறது. பழங்களைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மேல்தோலைத் துருவி, துருவலின் எடையைப் போல இரண்டு மடங்கு சர்க்கரையோடு கசக்கி, சிறு சிறு டப்பாக்களில் அழுத்தி நிரப்பி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு வேண்டியது ஒரு டப்பாவில் என்று பிரித்து வைத்தால், மொத்தத்தையும் உருகவிட்டு மீண்டும் உறையவைக்கும் தொல்லை இருக்காது. செய்யும்போது அந்தச் சர்க்கரையின் எடையை 100 கிராமிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். துருவிய பழங்கள் சீக்கிரம் வாடிவிடும் என்பதால் அன்றைக்கே பிழிந்து சாற்றை ஐஸ் தட்டில் உறையவைக்கலாம், அல்லது ஊறுகாய்க்கு நறுக்கிவிடலாம்.

நார்த்தங்காய்க்கு வெள்ளைப் பகுதி மிகவும் தடிமன், கசப்பும் அதிகம். மேல்தோலை மட்டும் நூலிழையாகத் துருவ முடிந்தால் எலுமிச்சைத் துருவலில் கால் பங்கு அளவுக்குச் சேர்த்துப் பாருங்கள். அதற்கு மேல் போனால் குக்கீயில் ஊறுகாய் நினைவு வந்துவிடும்.